விழுமத்தின் மறுபொருள்: வேலூர்த் தொழில்காரர்கள் சொல்லும் வாழ்க்கைப் பாடங்களை எப்படிப் படிப்பது?

உள்ளூர்ச் சாதனையாளர்களின் பேட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. ஆம்பூரில் காலணியின் மேல்பகுதி தைக்கும் பட்டறைக்காரர், குடியாத்தத்தில் லுங்கி நெய்து விற்பவர், செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார், அணைக்கட்டு வட்டாரத்தில் கத்தரி பயிரிடும் விவசாயி, காட்பாடியில் மென்பொருள் நிறுவனம் தொடங்கிய இளைஞர் என்று யாரைப் பேட்டி கண்டாலும் கடைசிக் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: "வாழ்க்கை உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்ன?" பதிலும் பெரும்பாலும் ஒன்றே. நேர்மை, பொறுமை, உழைப்பு, தரம்.

புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துக் குழம்புவது இயல்பு. இதே நான்கு சொற்களைச் சொன்ன இருவரில் ஒருவர் நிலைத்து நிற்கிறார், இன்னொருவர் கடையைப் பூட்டிவிட்டார். அப்படியானால் இந்தச் சொற்களுக்கு ஏதேனும் பொருள் உண்டா? உண்டு. ஆனால் அறிவுரையைப் படிப்பதுபோல் படித்தால் அந்தப் பொருள் அகப்படாது. வரவு செலவுக் கணக்கைப் படிப்பதுபோல் படிக்க வேண்டும். எப்படி என்பதை வட ஆர்க்காட்டின் தொழில்களையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

முதலில் மூன்று சொற்கள்

1. விழுமியம். ஒருவர் எதை உயர்வாகக் கருதி வாழ்கிறாரோ அதற்கு இன்று வழங்கும் சொல். இதற்கு நெருங்கிய உறவான "விழுமம்" என்ற பழஞ்சொல்லுக்குத் தொல்காப்பியத்தின் உரியியல் மூன்று பொருள் தருகிறது: சீர்மை, சிறப்பு, இடும்பை. உயர்வும் துன்பமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த மூன்றாவது பொருளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

2. நாணயம். கையில் புரளும் காசுக்கும் இதுவே பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் இதுவே பெயர். சந்தையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டும் வேறுவேறு அல்ல. கொடுக்க வேண்டிய நாளில் காசு வந்து சேராவிட்டால், அந்த மனிதரின் நாணயமும் அங்கே இல்லை.

3. பாடம். பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டவர் ஒருவராகவும் தெரிந்துகொண்டவர் வேறொருவராகவும் இருக்க முடியும் என்பது பேட்டிகளில் எளிதாக மறைந்துபோகும்.

ஆகவே ஒருவர் "நேர்மைதான் என் மூலதனம்" என்று சொல்லும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த நேர்மைக்கு என்ன செலவானது? அந்தச் செலவை யார் ஏற்றார்கள்?

பாடம் ஒருவருக்கு, பட்டது வேறொருவர்

வேலூரில் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைப் பாடம் ஐடா ஸ்கடருடையது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இளம்பெண், நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொட அந்த மூவரும் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார்.

இதை மன உறுதியின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த மூன்று பெண்கள். கதை சொல்லப்படும்போது அவர்களுடைய பெயர்கள் வருவதில்லை. ஐடாவின் பெருமை, அந்தக் கடனைத் தன் கடனாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. அதனால்தான் தான் ஒருவர் மருத்துவரானால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேருக்கு நேர்ந்தது நான்காவது பெண்ணுக்கு நேராமல் இருக்கப் பெண் மருத்துவர்கள் பலர் வேண்டும் என்ற கணக்கு அது. ஆண் மாணவர்கள் 1947இல்தான் சேர்க்கப்பட்டார்கள்.

அதே நிறுவனத்துக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டின் அனுபவமும் இதற்கு நெருங்கியது. தொழுநோயில் கை கால் புண்ணாகிக் குறைவதற்கு நோய் நேரடிக் காரணம் அல்ல, வலி தெரியாமல் போவதே காரணம் என்று அவர் விளக்கினார். சுடும் பாத்திரத்தை வலியில்லாமல் பிடிக்கிற கை வெந்துபோகிறது. கல் உறுத்துவது தெரியாத கால் நடந்து நடந்து புண்ணாகிறது. முடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரல்களோடு பிச்சை கேட்டால் யாரும் போடுவதில்லை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. ஆகவே கைத்தொழில் கற்றுக்கொடுக்கப் பட்டறை வேண்டியிருந்தது. புண்படாத காலணியும் வேண்டியிருந்தது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் நுண்துளை ரப்பரால் செய்த செருப்புகள் அந்தத் தேவையில் பிறந்தவை. தோலுக்கும் காலணிக்கும் பேர்போன மாவட்டத்தில் செய்யப்பட்ட செருப்புகளில் இவற்றைத்தான் மிக உயர்ந்தவை என்பேன்.

பொறுமை: ஆவாரம்பட்டையும் குரோமியமும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களின் வாழ்வு தோலோடு பிணைந்தது. 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து, எஞ்சிய பகுதி பின்னர் வேலூர் என்று பெயர் பெற்று, 2019இல் மூன்று மாவட்டங்களானது. கோடு எங்கே போட்டாலும் ஆற்றின் தண்ணீர் ஒன்றுதான் என்பதால் இந்தக் கட்டுரை பழைய பெயரையே வைத்துக்கொள்கிறது.

தோல் அழுகாமல் நிலைக்கச் செய்யும் வேலைக்குப் பதனிடுதல் என்று பெயர். பழைய முறையில் அதற்கு ஆவாரம்பட்டை. தைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரை. பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நாருக்குள் மெல்ல இறங்கும். கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து நிறம் தெளியச் செய்வார்கள். வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். தோல் குழியில் கிடக்கும் நாளெல்லாம் போட்ட முதலும் அங்கேயே கிடக்கும். அந்தத் தலைமுறை வியாபாரிகள் பொறுமை என்று சொன்னதன் பொருள், இப்படி முடங்கிக் கிடக்கும் பணத்தைத் தாங்கும் சக்தி. அவ்வாறு பதனிட்டது கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கடல்கடந்து போனது. பின்னாளில் அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குரோமிய உப்பு வாரக்கணக்கில் நடந்த வேலையை ஏறக்குறைய ஒரு நாளில் முடித்துவிடும். தோலும் மென்மையாக இருக்கும், சூடு தாங்கும். இந்த மாற்றத்தைப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. 1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. கொள்கை அந்தப் பக்கம் தள்ளியது, வாங்குவோர் அதைத்தான் கேட்டார்கள், தோல்காரர்கள் போனார்கள்.

காத்திருக்கும் செலவு மிச்சமாயிற்று. அது எங்கே போயிற்று?

1. உப்பு. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் கெடாமல் வந்து சேர உப்புத் தடவி அனுப்புவார்கள். பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவ வேண்டும். கழுவிய நீர் போன இடமெல்லாம் மண் உவர்ந்தது, கிணறு கரித்தது. எல்லோரும் குரோமியத்தையே குற்றம் சொல்கிறார்கள். உழவரின் வயலைக் கெடுத்ததில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பட்டை காலத்திலும் உப்பு இருந்தது. தொழில் பெருத்தபோது உப்பும் பெருத்தது.

2. குரோமியம். தோல் ஏற்றுக்கொண்டது போக மிஞ்சியது கழிவுநீரோடு வெளியேறியது. ராணிப்பேட்டையில் குரோமிய வேதிப்பொருள் தயாரித்த ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. ஆலை போனது. அதன் கழிவுக் குவியல் போகவில்லை.

3. தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். மணலுக்கடியில் ஓடுவதை ஊற்றுக்கால் வெட்டியும் கிணறு தோண்டியும் எடுத்துப் பிழைத்த ஊர்கள் இவை. ஊர்கள் குடித்ததும் அந்த நீரைத்தான். கழிவு போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

தோல் கழிவால் நேர்ந்த இந்த மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, "வேலூர்" என்ற பெயரை இந்தியச் சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் பாடமாக்கியது. தோல் பட்டறைகள் இருந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அது பதிவு செய்தது. இரண்டு கொள்கைகளை நாட்டின் சட்டமாக அறிவித்தது. ஒன்று, முன்னெச்சரிக்கைக் கொள்கை: கேடு வரும் என்பதற்கு அறிவியல் முழு உறுதி தராவிட்டாலும் தடுக்கும் நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. மற்றொன்று, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் அவருடையது. ஐந்து மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு பட்டறைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் சிறியது. ஆனால் "செலவை யார் ஏற்றார்கள்?" என்ற நம் இரண்டாவது கேள்வியை நாட்டின் உச்ச மன்றமே கேட்டது என்பது சிறிய செய்தி அல்ல.

கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவும் இல்லை. கழிவுநீரை ஒன்றுசேர்த்துச் சுத்தம் செய்யும் பொது நிலையங்கள் வந்தன. பல இடங்களில் நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வேலூர் மாசு விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் உண்மையாகப் பொறுமை காத்தவர்கள் கரித்த கிணற்றின் சொந்தக்காரர்கள்.

நாணயம்: வெற்றிலை பாக்கும் 45 நாளும்

வட ஆர்க்காட்டின் பழைய கலைத் தொழில்களில் ஒன்று தெருக்கூத்து. செய்யாறு வட்டத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாகக் கூத்தாடி வருகிறது. நவீன நாடகத்துக்காக 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமிக்குக் கண்ணைத் திறந்துவிட்டது புரிசை நடேசத் தம்பிரானின் கூத்து. கூத்துக் குழுவுக்கு இங்கே ஜமா என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் வாத்தியாரைத் தேடி வந்து, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் கொடுப்பார்கள். வாத்தியார் எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்தது. அந்த நாளில் வேறு எந்த ஊர் கூடுதலாகக் கொடுத்தாலும் போகக் கூடாது. பருவம் தொடங்குவதற்கு முன்பே நடிகர்களுக்கும் ஜமா முன்பணம் கொடுத்து வைப்பதுண்டு.

இதைக் கவனியுங்கள்: இங்கே பணம் வேலைக்கு முன்னால் வருகிறது. இரவு முழுவதும் ஆடுகிறவர் கூலிக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. முன்பணம் கடனாக மாறிக் கலைஞரைக் கட்டிப்போடுவதும் நடக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் வேலை வாங்குகிறவரே முதலில் நம்பிக்கை வைக்க வேண்டும் என்ற முறை அதில் இருக்கிறது.

பட்டறைத் தொழிலில் நிலைமை தலைகீழ். சிறு பட்டறைக்காரர் நூலும் பசையும் தன் காசில் வாங்கி, ஆள் வைத்துத் தைத்து, சரக்கைக் கொடுத்துவிட்டு, பெரிய நிறுவனத்தின் பணத்துக்காகக் காத்திருக்கிறார். பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் சிறியவர். இந்த முறைகேட்டைத் திருத்த வந்த சட்டம்தான் அண்மையில் பலரைக் குழப்பியது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

1. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம், 2006. குறு நிறுவனத்திடமோ சிறு நிறுவனத்திடமோ சரக்கு அல்லது சேவை பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள், அதிகம் போனால் 45 நாளுக்குள், பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி.

2. ஏன் பலிக்கவில்லை? வட்டி கேட்டு வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது. ஆகவே உரிமை காகிதத்திலேயே இருந்தது.

3. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. 2023 நிதிச் சட்டம் இதைச் சேர்த்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்து, நடைமுறைக்கு வந்தது. கெடு தாண்டியும், நிதியாண்டு முடிவதற்குள்ளும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாக வாங்கியவர் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். எடுத்துக்காட்டாக, ஜனவரி 5 அன்று 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, மார்ச் 31 வரை கொடுக்காதவர் அந்த 10 லட்சத்தையும் லாபமாகக் கருதி அந்த ஆண்டு வரி கட்ட வேண்டும். 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு ஏறத்தாழ 3 லட்சம். சிறியவர் யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. தாமதத்தின் செலவு தாமதித்தவர் மேலேயே விழுகிறது.

4. யாருக்குப் பொருந்தாது? நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் இது இல்லை. 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் என்ற அரசுப் பதிவு இல்லாதவர்களுக்கும் நடைமுறையில் கிடைப்பதில்லை. பதிவு செய்யக் கட்டணம் ஏதும் கிடையாது.

5. எதிர்விளைவு. பெரிய நிறுவனங்கள் பதிவு செய்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களிடம் ஆர்டரை மாற்றிவிடும் என்ற அச்சம் 2024 தொடக்கத்தில் சிறு தொழில் வட்டாரங்களில் பரவலாகப் பேசப்பட்டது. அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்காகப் பதிவை விட்டுவிடுவது, மழைக்குப் பயந்து ஏரிக்கரையை வெட்டிவிடுவது போலாகும்.

ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காலணியின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள். இடைத்தரகர் கொண்டுவருவார், எண்ணிக் கொடுப்பார், ஜோடிக்கு இவ்வளவு என்று தருவார். பெரிய ஏற்றுமதியாளரின் நாணயத்தை அளக்க வேண்டிய இடம் அந்தத் திண்ணைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேட்டி எடுப்பவர்கள் அங்கேயும் போக வேண்டும்.

கைத்தறிக்கும் சட்டக் காவல் உண்டு. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. இப்போது அதில் லுங்கி உட்பட 11 வகைகள் இருக்கின்றன. விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதை அது முழுமையாக நிறுத்தவில்லை. காரணம், ஒரு பெயரைக் காப்பது தனி வேலை.

பெயர்: முள் குத்திய கைக்கு உரியது

வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இலவம்பாடியும் சுற்றுப்புறமும் அதன் தாய்மண். ஆகையால் ஊர்க்காரர்கள் இலவம்பாடிக் கத்தரி என்பார்கள். தண்டில் முள், இலையில் முள், காம்பில் முள். பறிக்கிற கை கீறாமல் கூடை நிறையாது. முள்ளில்லாத வீரிய ரகத்துக்கு மாறுவது எளிது. பல உழவர்கள் மாறியும் விட்டார்கள். மாறாதவர்கள் அந்தக் கீறலையும் சேர்த்துத்தான் சுவைக்கு விலையாகக் கொடுக்கிறார்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வைக்கும் மண்ணில் இது சிறிய விஷயமல்ல.

புவிசார் குறியீடு என்பதைப் பரிசு என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். அது ஒரு பெயரின் மீதான உரிமை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது இயங்கும் விதம் இது:

1. பெயர் தனி ஒருவருக்குச் சொந்தமாகாது. உற்பத்தியாளர்களின் சார்பில் ஒரு சங்கமோ அமைப்போ பதிவு செய்யும்.

2. பதிவோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு உற்பத்தியாளரும் அனுமதி பெற்ற பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பல குறியீடுகள் வெறும் செய்தியாக நின்றுபோவது இந்தப் படியைத் தாண்டாததால்தான்.

3. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

4. தரத்தைக் கண்காணிக்கவும், வேற்றூர்க் கத்தரி இந்தப் பெயரில் விற்றால் எதிர்த்துக் கேட்கவும் உற்பத்தியாளர்கள்தான் முன்வர வேண்டும். அதற்கு நேரமும் பணமும் ஆகும். தரம் என்று பேட்டியில் சொல்வதன் செலவு இங்கே தெரியும்.

5. இந்த உரிமையை விற்க முடியாது, குத்தகைக்கு விட முடியாது, வங்கியில் அடகு வைக்கவும் முடியாது. வணிகச் சின்னத்தைக் கோடிகளுக்கு விற்றுவிட்டு ஒதுங்கலாம். ஊரின் பெயரை அப்படி விற்றுவிட வழியில்லை.

சட்டம் ஒரே ஒரு கைமாற்றத்தை அனுமதிக்கிறது. அனுமதி பெற்ற பயனாளர் இறந்தால் அவருடைய உரிமை வாரிசுக்குப் போகும். நகரத்துக்குப் போய்விட்ட மகனோ மகளோ அதைக் காகிதமாகப் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயரில் ஒரு கிலோ காயை விற்க வேண்டுமானால், அந்த மண்ணில் நாற்று நட்டு, அந்த முள்ளுக்குள் கையை விட்டுத்தான் பறிக்க வேண்டும்.